பிட் நோட்டீஸுக்கும் ஒரு அலமாரி

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் உங்கள் தெருவை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். முந்தின நாள் வரைக்கும் வாசலில் வந்து விழுந்த பிட் நோட்டீஸ் எல்லாம் எங்கே போயிருக்கும்? பாதி பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றி எடுக்க, மீதி பழைய பேப்பர்காரரிடம். ஜெயித்தவர் போஸ்டராவது சுவரில் நாலு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். டெபாசிட் போனவர் நோட்டீஸை யார் சீண்டப்போகிறார்கள்?

சீண்டுகிற ஆள் இருக்கிறார் பாஸ். என்ன, கொஞ்சம் தூரத்தில் இருக்கிறார். வேல்ஸ் நாட்டில்.

வேல்ஸ் என்றதும் முழிக்காதீர்கள். ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு 'கேரத் பேல் நாடு' என்றால் போதும். இங்கிலாந்தின் மேற்கு இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன தேசம். ஜனத்தொகை முப்பது லட்சத்துச் சொச்சம். அவர்களுக்கென்று வெல்ஷ் என்ற தனி மொழி. அதன் மேற்குக் கடற்கரையில் அபரிஸ்ட்வித் என்று ஒரு காலேஜ் டவுன். கடலைப் பார்த்தபடி ஒரு மேடு. மேட்டின்மேல் கோட்டை மாதிரி ஒரு வெள்ளைக் கட்டடம். அதுதான் வேல்ஸ் தேசிய நூலகம்.

அங்கே 1983-ல் ஒரு பிரிவை ஆரம்பித்தார்கள். பெயர், வெல்ஷ் அரசியல் ஆவணக் காப்பகம். வேலை என்ன தெரியுமா? வேல்ஸ் அரசியல் சம்பந்தமாக எந்தக் காகிதம் கிடைத்தாலும் சேர்த்து வைப்பது. தலைவர்களின் கடிதம், டைரி, கட்சிக் கமிட்டியின் மினிட்ஸ் நோட்டு, போராட்டக் குழுவின் துண்டுப் பிரசுரம், போஸ்டர், கார்ட்டூன். கூடவே தேர்தலுக்குத் தேர்தல் வீட்டு வாசலில் விழுகிற பிட் நோட்டீஸ். பிரிட்டிஷ் பார்லிமென்ட் தேர்தலில் நூற்றுக்கு ஐந்து ஓட்டு வாங்காவிட்டால் 500 பவுண்ட் டெபாசிட் காலி. அப்படிக் காலியானவரின் நோட்டீஸுக்கும் பிரதமர் கட்சி நோட்டீஸுக்கும் அங்கே ஒரே மாதிரி அட்டைப்பெட்டி, ஒரே மாதிரி லேபிள்.

லேபர், கன்சர்வேட்டிவ், லிபரல், தனி தேசம் கேட்கிற பிளைட் கம்ரி என்று ஒருத்தரையும் விடுவதில்லை. பிளைட் கம்ரி மேடையில் லேபரைத் திட்டியிருக்கும், லேபர் திருப்பித் திட்டியிருக்கும். இரண்டு பேர் ஃபைலும் ஒரே கூரைக்குக் கீழே தூங்குகின்றன. எனக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்பப் பிடித்ததே இதுதான். ஒரு கட்சியின் வரலாற்றை அந்தக் கட்சி ஆபீஸில் மட்டும் படித்தால் அது வரலாறாக இருக்காது, பிறந்தநாள் மலராக இருக்கும்.

இந்த லைப்ரரி பிறந்த கதையும் சும்மா இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸுக்கு சட்டசபை கிடையாது, தலைநகர்கூடக் கிடையாது. கார்டிஃப் தலைநகரானதே 1955-ல்தான். எல்லாமே லண்டன். அந்தக் காலத்தில் 'நம் புத்தகமும் ஓலையும் நம்மிடம் இருக்க வேண்டும்' என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஓலை என்று நம் பழக்கத்தில் சொல்லிவிட்டேன், அவர்களுடையது தோல் சுவடி. விக்டோரியா மகாராணிக்கு டாக்டராக இருந்த சர் ஜான் வில்லியம்ஸ், தன் சேகரிப்பைத் தருகிறேன், ஆனால் லைப்ரரி அபரிஸ்ட்வித்தில்தான் வர வேண்டும் என்று நின்றார். கார்டிஃப் விடுமா? கடைசியில் 1907-ல் பஞ்சாயத்து முடிந்தது. மியூசியம் கார்டிஃபுக்கு, லைப்ரரி அபரிஸ்ட்வித்துக்கு. கட்டடம் எழும்ப நிலக்கரிச் சுரங்கத்திலும் கல் குவாரியிலும் வேலை பார்த்தவர்கள்கூடத் தங்கள் கூலியிலிருந்து நன்கொடை கொடுத்தார்கள்.

ஒரு கணக்கு போடுங்கள். லைப்ரரி வந்தது 1907. வேல்ஸுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை வந்தது 1999. நடுவில் 92 வருஷம். சட்டசபை வருவதற்கு 92 வருஷம் முன்னாலேயே ஒரு நாடு தன் காகிதத்துக்கு வீடு கட்டிவிட்டது!

1911-ல் வந்த காப்பிரைட் சட்டம் இந்த லைப்ரரிக்கு ஒரு பெரிய வரம் கொடுத்தது. பிரிட்டனில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கும் உரிமை. ஆனால் கடிதமும் டைரியும் மினிட்ஸ் நோட்டும் அச்சான சரக்கு இல்லையே. அவை சட்டத்தில் வராது. தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று, அவர் போன பிறகு அவர் பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசித்தான் வாங்க வேண்டும். 'மாடியில் அப்பாவோட பழைய பேப்பர் கொஞ்சம் கிடக்குது, கொளுத்திடலாம்னு இருக்கோம்' என்று ஒரு வீட்டில் முடிவெடுத்துவிட்டால் கதை முடிந்தது.

அப்படிக் கொளுத்தாமல் வந்து சேர்ந்ததில் ஒரு காதல் கடிதம் இருக்கு. எழுதியவர் லாயிட் ஜார்ஜ். வெல்ஷ் பேசி வளர்ந்து, 1916 முதல் 1922 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் மார்கரெட் என்ற பெண்ணுக்கு எழுதுகிறார். 'உயிரே, நிலவே' என்று எழுதியிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் காலி. வாழ்க்கையில் முன்னுக்கு வருவதுதான் என் ஒரே லட்சியம், குறுக்கே வந்தால் காதலையே என் தேர்ச்சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிடுவேன் என்கிற தோரணையில் எழுதியிருக்கிறார்! தேருக்கு அவர் போட்ட ஆங்கில வார்த்தை ஜகர்நாட். பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தை. இவ்வளவையும் படித்துவிட்டு அந்தப் பெண் 1888-ல் அவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டது தனி ஆச்சரியம். பிறகு அவருக்கு செகரட்டரியாக வந்த ஃபிரான்ஸஸ் ஸ்டீவன்சனோடு முப்பது வருஷம் ரகசிய வாழ்க்கை. மார்கரெட் இறந்த பிறகு 1943-ல் அவரைத் திருமணம் செய்துகொண்டார். மார்கரெட்டுக்குப் போன கடிதங்களும் ஃபிரான்ஸஸ் குடும்பத்துக் காகிதங்களும் இன்றைக்கு அதே லைப்ரரியில்தான் இருக்கின்றன. உயிரோடு இருந்தபோது ஒரே வீட்டில் வைக்க முடியாததை லைப்ரரியன் வைத்துவிட்டார்.

பிரதமர் கடிதத்தைப் பத்திரப்படுத்துவதில் பெரிய அதிசயம் இல்லை, யாரும் செய்வார்கள். கஷ்டம், தோற்றுப்போனவர்கள் விஷயத்தில்தான்.

கேப்பல் கெலின் என்று ஒரு கிராமம். வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஊர். ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் ஆபீஸ், ஒரு தேவாலயம், அதை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம், சுற்றிலும் பண்ணை வீடுகள். இங்கிலாந்தில் இருக்கிற லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முடிவானது. ஊர் ஜனம் 1956-ல் லிவர்பூலுக்கே போய் பேனர் பிடித்து ஊர்வலம் நடத்தினார்கள். ம்ஹூம். 1957-ல் பார்லிமென்டில் சட்டம் பாஸ். வேல்ஸ் எம்.பி.க்கள் 36 பேரில் ஒருத்தர்கூட அதற்கு ஆதரவாக ஓட்டுப் போடவில்லை. அப்படியும் பாஸ். 1965-ல் அணை திறந்தார்கள். ஊர் தண்ணீருக்குள் போனது.

ஊர் போனது, படம் இருக்கிறது. ஜெஃப் சார்ல்ஸ் என்று ஒரு பத்திரிகை போட்டோகிராபர். அந்த ஊர்வலம், அந்த மனிதர்கள், அந்த வீடுகள் என்று எடுத்துத் தள்ளியிருந்தார். அவருடைய சுமார் 1,20,000 நெகட்டிவ்களும் இப்போது தேசிய நூலகத்தில். பிலிம் சுருளைச் சும்மா அலமாரியில் வைத்தால் போதாது தெரியுமா? அந்தக் கால அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், படம் உரியும். குளிர்ந்த அறையில் வைத்து, அது போவதற்குள் ஸ்கேன் செய்தாக வேண்டும். அவர் எடுத்த படங்களில் ஏராளமானவற்றை இன்று இன்டர்நெட்டில் நீங்களே பார்க்கலாம். பேனர் பிடித்தவர்கள் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நடந்தது தப்பு என்று லிவர்பூல் நகர சபை முறைப்படி மன்னிப்புக் கேட்டது எப்போது? 2005-ல். ஊர் மூழ்கி நாற்பது வருஷம் கழித்து.

வேல்ஸுக்குத் தனி சட்டசபை வேண்டுமா என்று 1979 மார்ச் 1-ம் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டும் என்றவர்கள் 2,43,048. வேண்டாம் என்றவர்கள் 9,56,330. படு தோல்வி. 'சட்டசபையாவது மண்ணாவது' என்று எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். அப்போது அடித்த நோட்டீஸை எல்லாம் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? 18 வருஷம் கழித்து, 1997 செப்டம்பர் 18-ம் தேதி அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். விடிய விடிய ரிசல்ட். 'வேண்டாம்' முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக வந்த கார்மார்தன்ஷயர் ரிசல்ட்டில் தலைகீழ். வேண்டும் 5,59,419, வேண்டாம் 5,52,698. வித்தியாசம் வெறும் 6,721 ஓட்டு! ஒரு பெரிய காலேஜ் ஸ்ட்ரெங்த் அவ்வளவுதான் இருக்கும்.

எப்படி மாறினார்கள் என்று ஒரு ஆராய்ச்சி மாணவர் கேட்டால், 1997 நோட்டீஸை மட்டும் காட்டிப் பிரயோஜனம் இல்லை. 1979-ல் 'வேண்டாம்' என்றவர்கள் என்னென்ன சொல்லி பயமுறுத்தினார்கள், 'வேண்டும்' என்றவர்கள் எங்கே சொதப்பினார்கள் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தால்தான் கதை விளங்கும். குப்பைக்குப் போக வேண்டியதைக் காப்பாற்றி வைத்த புண்ணியவான்களுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. எது பின்னால் தேவைப்படும் என்று தெரியாதபோதே சேர்க்க வேண்டியிருப்பதுதான் இந்த வேலையின் பேஜார்.

சரி, இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் முன்னுரை. இந்த லைப்ரரி பற்றி எழுத உட்கார்ந்ததே ஒரு மரப்பெட்டிக்காகத்தான்.

முதல் உலகப்போர் முடிந்தபோது வேல்ஸில் இழவு விழாத தெரு இல்லை. இறந்தவர்கள் நினைவாக எழுதப்பட்ட புத்தகத்தில் மட்டும் சுமார் 35,000 பெயர்கள். இன்னொரு போர் வரக் கூடாது, அதற்கு சர்வதேச சங்கம் வலுவாக இருக்க வேண்டும், அமெரிக்கா அதில் சேராமல் ஒதுங்கி நிற்கிறதே என்று அந்த ஊர்ப் பெண்கள் கவலைப்பட்டார்கள். 1923-ல் இதே அபரிஸ்ட்வித்தில் நடந்த ஒரு மாநாட்டில் ஐடியா பிறந்தது. ஆண்கள் அரசாங்கத்துக்கு எழுதட்டும். நாம் அமெரிக்கப் பெண்களுக்கு எழுதுவோம். பெண்ணிடம் பெண் கேட்கட்டும்.

ஈமெயில் இல்லை, ஆன்லைன் கையெழுத்து இல்லை. தொண்டர்கள் வீடு வீடாக நடந்தார்கள். மலைக் கிராமம், சுரங்கத் தெரு, பங்களா, சமையல்கட்டு ஒன்றையும் விடவில்லை. பிரிட்டனில் அப்போது முப்பது வயதாகாத பெண்ணுக்கு ஓட்டே கிடையாது, அந்த உரிமை 1928-ல்தான் வந்தது. பேலட் பேப்பரில் இடமில்லாத இளம் பெண்களுக்கு இந்தத் தாளில் இடம் இருந்தது. பெயர், விலாசம், அவ்வளவுதான். சேர்ந்த கையெழுத்து எவ்வளவு தெரியுமா? 3,90,296. தாள்களை வரிசையாகப் போட்டால் ஏழு மைல் நீளம் வரும் என்று சொன்னார்கள்.

அத்தனையையும் ஒரு ஓக் மரப்பெட்டியில் அடுக்கினார்கள். ஆனி ஹியூஸ் கிரிஃபித்ஸ் என்ற பெண்மணி தலைமையில் ஒரு சின்னக் குழு 1924 பிப்ரவரியில் கப்பலில் நியூயார்க் போய் இறங்கியது. பிப்ரவரி 21-ம் தேதி வெள்ளை மாளிகையில் அதிபர் கூலிட்ஜைச் சந்தித்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். பெட்டி, வாஷிங்டனில் இருக்கிற ஸ்மித்சோனியன் மியூசியத்துக்குப் போனது.

ரிசல்ட்? அமெரிக்கா கடைசிவரை சர்வதேச சங்கத்தில் சேரவே இல்லை. பதினைந்து வருஷத்தில் அடுத்த உலகப்போர். கையெழுத்துப் போட்ட பெண்களின் பிள்ளைகள் அதற்கும் போனார்கள். பெட்டியை ஊரே மறந்தது. பேத்திகளுக்குக்கூட விஷயம் தெரியாது.

2014-ல் கார்டிஃபில் இருக்கிற 'சமாதான ஆலயம்' என்ற கட்டடத்தில், தோல் அட்டை போட்ட ஒரு பிரதி கண்ணில் பட்டது. வேல்ஸ் பெண்கள் அமெரிக்கப் பெண்களுக்கு எழுதிய விண்ணப்பம். இது என்னடா என்று நூல் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனி ஹியூஸ் கிரிஃபித்ஸ் தன் அமெரிக்கப் பயணத்தில் எழுதிய டைரி தேசிய நூலகத்தில் இருந்தது. பெட்டி, வாஷிங்டனில் இருந்தது. டைரி இந்தக் கரையில், கையெழுத்து அந்தக் கரையில்! பேச்சுவார்த்தை நடந்து, ஸ்மித்சோனியன் பெருந்தன்மையாகப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது. 2023 ஏப்ரலில் அது அபரிஸ்ட்வித் வந்து சேர்ந்தது. ஐடியா பிறந்த அதே ஊருக்கு, நூறு வருஷம் சுற்றிவிட்டு.

வந்ததும் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடவில்லை. தாள் தாளாக ஸ்கேன் எடுத்தார்கள். கையெழுத்தைக் கம்ப்யூட்டர் படித்துக் கிழித்துவிடாது, மனுஷக் கண் வேண்டும். அதனால், 'யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து பெயரைப் படித்து டைப் அடித்துக் கொடுங்கள்' என்று பொதுமக்களைக் கூப்பிட்டார்கள். ஜனம் வந்தது. தன் ஊர்ப் பெயரைத் தேடி, தன் தெருவைத் தேடி, கொள்ளுப்பாட்டி பென்சிலில் போட்ட கையெழுத்தில் போய் நிற்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பாட்டியின் போட்டோகூடக் கிடையாது. பாட்டி என்ன நினைத்தாள், எதற்காகக் கவலைப்பட்டாள் என்று சொல்ல வேறு சாட்சி கிடையாது. அமெரிக்காவை அசைக்காத கையெழுத்து, அந்த வீட்டை அசைக்கிறது.

இதெல்லாம் பேப்பர் காலத்துக் கதை, இப்போது எல்லாம் இன்டர்நெட்டில் பத்திரமாகத்தானே இருக்கு என்கிறீர்களா? அங்கேதான் வயிற்றைக் கலக்குகிறது. தேர்தல் முடிந்ததும் வேட்பாளர் தன் வெப்சைட்டுக்குப் பணம் கட்டுவதை நிறுத்துவார், அத்தோடு அது காணாமல் போகும். 2013-லிருந்து பிரிட்டனில் வெப்சைட்களையும் நகல் எடுத்து வைக்கச் சட்டம் இருக்கிறது. வேல்ஸ் உட்பட ஆறு பெரிய லைப்ரரிகள் சேர்ந்து அதைச் செய்கின்றன. ஆனால் 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியின் கம்ப்யூட்டர்களை ஹேக்கர்கள் முடக்கியபோது, அந்த நகல்களையும் ரொம்ப நாள் யாராலும் பார்க்க முடியாமல் போனது. இரண்டாம் உலகப்போரில் அபரிஸ்ட்வித்காரர்கள் லைப்ரரி மேட்டுக்கு அடியில் பாறையைக் குடைந்து, வெப்பமும் ஈரமும் சரியாக இருக்கும்படி ஒரு சுரங்கம் கட்டினார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துப் பொக்கிஷங்கள்கூட 1940 முதல் 1945 வரை அதில் ஒளிந்திருந்தன. குண்டுக்குப் பாறை போதும். ஹேக்கருக்கு என்ன குடைவது? தலைவர்களும் இப்போது கடிதமா எழுதுகிறார்கள்? வாட்ஸ்அப்பில் பேசிவிட்டு அழித்துவிடுகிறார்கள். நாளைக்கு எந்த மாடியில் போய்ப் பழைய பேப்பர் கேட்பது?

அதைவிடப் பழைய எதிரி ஒன்று இருக்கிறது, பணமில்லாமை. 2021 ஆரம்பத்தில் தேசிய நூலகத்தின் கையில் காசு வறண்டு, ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலை. பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்களை அனுப்பிவிட்டுப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? விஷயம் வெளியே வந்ததும் வேல்ஸ் ஜனங்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்தார்கள். சட்டசபைக்கு ஒரு மனு. ஆயிரக்கணக்கில் கையெழுத்து. பிப்ரவரியில் அரசு கூடுதல் பணம் ஒதுக்கியது, வேலைகள் தப்பின.

அந்த மனு ஆன்லைனில் போட்டது. ஓக் பெட்டி தேவைப்பட்டிருக்காது.